என்ன வருத்தம்?

பக்கத்து அறையில் எங்கள் மகள் மேசையை அடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பென்சிலும் ஒரு பழைய பிஸ்கட் டின்னும் கிடைத்தால் போதும், வீடே அதிரும். போன வருடம் இதே அறையில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்த பிள்ளை இவள்தான் என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். சில நேரம் எனக்கே நம்ப முடிவதில்லை. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைக்கு வலி, ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று ஏதாவது ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவோ அப்பாவோ இதைப் படித்தால் எனக்கு அதுவே போதும்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து புரியாது. நாங்கள் கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட, ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். நான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கண்டி நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், தபாற்கந்தோரில் உத்தியோகம். மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவரை நான் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரே மகள் தாரணி, வயது பன்னிரண்டு.

ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு தமிழ். தாரணி நன்றாக இருக்கும் நாட்களில் என் தமிழ் பேசுவாள். சுகமில்லாமல் போனால் அப்பாவின் தமிழுக்கு மாறிவிடுவாள். “அம்மா, பசிக்குது” என்கிற வாய், காய்ச்சல் வந்தால் “அப்பா, தலை நோகுது” என்று முனகும். காரணம் எளிது. உடம்புக்கு முடியாவிட்டால் தலைமாட்டில் உட்காருபவர் அவர். பதற்றத்தில் பிள்ளையையும் சேர்த்துப் பயமுறுத்துகிறேன் என்று என்னை அடுப்படிக்கு அனுப்பிவிடுவார். அது உண்மையும்தான், நான் கொஞ்சம் பதறுகிற ஆள்.

வயிற்றுவலி தொடங்கியது பாடசாலை பாண்ட் குழுவில் அவளுக்குப் பெரிய மேளம் கிடைத்த மாதத்தில். வகுப்பிலேயே உயரமான பிள்ளை என்பதால் அவளிடம் கொடுத்தார்கள். இரண்டு தோளிலும் பட்டி போட்டு, வயிற்றின் மேல் சாய்த்துக்கொண்டு நடக்கிற மேளம் அது. அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற முதல் நாள் அவள் முகம் இருந்த இருப்பு! பாடசாலை இல்லங்களுக்கிடையே நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டியில் எல்லாருக்கும் முன்னால் அணிநடை போவதாக இருந்தது. அதற்குள் வலி வந்துவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் இல்லை. மேளம் இன்னொரு பிள்ளையின் தோளுக்குப் போனது.

பக்கத்து டொக்டர் பூச்சி என்று மருந்து கொடுத்தார். பிறகு காஸ்ட்ரிக் என்று வெள்ளைத் தண்ணீர் மருந்து கொடுத்தார். அதன் பிறகு கையை விரித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். பிள்ளைகள் வார்ட்டில் காலையிலேயே பெரிய டொக்டர் வருவார். உயரமான சிங்கள மனிதர், தலை முழுக்க நரை. வயிற்றில் கை வைப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார், பிள்ளைக்குக் குளிரக்கூடாதாம். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழிலேயே பேசுவார். எல்லாம் வார்ட்டில் பொறுக்கிய தமிழ். கட்டில் கட்டிலாக வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

“என்ன வருத்தம், மகள்?”

“வயித்து வருத்தம், டொக்டர்,” என்பாள் தாரணி, அச்சு அசல் அப்பாவின் பிள்ளையாக.

இரத்தம் எடுத்தார்கள். சிறுநீர், மலம் எல்லாம் பார்த்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை உருட்டி, உள்ளே இருப்பதைத் திரையில் பார்க்கிற ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் எண்டோஸ்கோபி. மயக்க மருந்து கொடுத்து, நுனியில் கமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுள்களையும் கூப்பிட்டேன், தெரியாத ஒன்றிரண்டு பேரையும் கூப்பிட்டிருப்பேன். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா, அவரும் எங்கள் புசல்லாவைப் பக்கம்தான், தன் பிளேன்டீயைப் பாதி ஊற்றி என் கையில் வைத்தார். பார்வையாளர் நேரத்துக்கு என் கணவர் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். மகளால் சாப்பிட முடியாது என்று தெரிந்ததும், “இது உமக்குத்தான், இஞ்சரும், சாப்பிடும்,” என்று என் முன்னால் திறந்து வைத்தார். பிரயாணம், சாப்பாடு, லீவு என்று கை கடித்த மாதம் அது. ஆனாலும் அந்தச் சொதியின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

எல்லா ரிப்போர்ட்டும் வந்து சேர்ந்த காலையில் பெரிய டொக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். “எல்லாம் நோர்மல். ஒன்டும் இல்ல. வீட்டுக்குப் போகலாம்.”

நான் பக்கத்தில் நின்ற நேர்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டேன். தாரணி அழுதாள். எல்லாரும் சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மறுபடி அதே வலி, மறுபடி அதே வார்ட். இந்த முறைதான் நஸ்ரினா டொக்டர் எங்கள் கட்டிலுக்கு வந்தார். அக்குறணைக்காரர், பெரிய டொக்டருக்குக் கீழே வேலை செய்கிற இளம் டொக்டர். நடப்பதே ஓட்டமாக இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார், எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

“உங்கட ஊட்டுக் கோலிங் பெல் மழைக்கு அடிச்சிரிக்கா?”

அடித்திருக்கிறது! எங்கள் வீட்டு மணிக்குள் ஈரம் இறங்கினால் வாசலில் ஆள் இல்லாமலேயே அடிக்கும். போய்த் திறந்தால் மழைதான் நிற்கும்.

“அப்ப பெல் அடிச்சது பொய்யா?”

“இல்லையே டொக்டர். நல்லாவே அடிக்கும். மேல் வீட்டுக்கே கேட்கும்.”

“இவட வயிறும் அப்படித்தான். பெல் அடிக்கிறது உண்மை. வாசல்ல கள்ளன் இல்ல, அவ்வளவுதான். பெல்லுக்குப் போற வயருலதான் விஷயம் இரிக்கி.”

இதற்கு மருத்துவத்தில் செயல்பாட்டு வயிற்றுவலி என்று பெயராம். குடலில் புண்ணோ கட்டியோ கிடையாது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன. சும்மா வாயு நகர்ந்தாலே மூளைக்கு ஆபத்து என்று செய்தி போகிறது. பிள்ளை பயந்தால் செய்தி இன்னும் பலமாகப் போகும். அந்த நரம்புக்குப் பழக்கம் மாற்றிக் கொடுக்கலாம், அதற்கு உளவியல் பயிற்சி இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் அதற்குத் தமிழில் பேசக்கூடிய ஆள் கிடைப்பது அரிது, நாள் வாங்கினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்லைனில், தமிழிலேயே, வாரம் ஒரு பாடமாக ஒரு திட்டம் புதிதாக வந்திருக்கிறதாம்.

உளவியல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முகம் சுண்டிப்போனது. வயிற்றுக்கு வந்தால் மண்டைக்கு மருந்தா என்று கேட்கவும் கேட்டேன். நஸ்ரினா டொக்டர் கோபிக்கவில்லை. “வயருக்கு மருந்து, உம்மா. வயரோட ஒரு முனை மண்டையிலதானே இரிக்கி,” என்றார். தன் வீட்டில் அம்மாவைக் கூப்பிடுவது போல என்னை உம்மா என்று கூப்பிட்டதில் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

அடுத்த நாள் காலையில் எங்கள் கட்டில் காலடியிலேயே இரண்டு டொக்டர்களுக்கும் வாக்குவாதம்! சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொண்டார்கள். மூன்று மொழியிலும் கண்ணாடி விற்கிறவள் நான், ஒரு சொல் தப்பவில்லை.

பெரிய டொக்டருக்கு இந்த ஒன்லைன் விஷயத்தில் நம்பிக்கையே இல்லை. பிள்ளையின் வயிற்றில் கை வைக்கும்போது அதன் கண் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் தனக்குப் பாதி விஷயம் தெரிகிறது, திரையில் அது தெரியுமா என்று கேட்டார். எல்லாம் மனசுதான் என்று திட்டத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு உண்மையான நோய் ஒன்று வந்தால் யார் கவனிப்பது? சின்ன வீடுகளில் பிள்ளை எங்கே உட்கார்ந்து மனம் விட்டுப் பேசும், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கும்போது? அவர் சொன்ன அம்மா நான்தான் என்பது போல இருந்தது, நிற்கவும்தான் செய்வேன்.

நஸ்ரினா டொக்டர் அதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டுத் தன் பக்கத்தைச் சொன்னார். தோட்டத்திலிருந்து ஒரு தாய் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய சம்பளம் போகிறது, பிள்ளைக்கு அன்றைய பள்ளிக்கூடமும் போகிறது. பள்ளிக்கூடம் போகவைக்க வேண்டிய வைத்தியமே பள்ளிக்கூடத்தைக் கெடுக்கலாமா? வாயால் சொல்ல வெட்கப்படுவதை விரலால் எழுதிவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். “ஒன்றும் செய்யாமல் அனுப்புவதைவிட இது மேல், சேர்,” என்றார்.

பெரிய டொக்டர் தாரணியின் ரிப்போர்ட்டுகளை ஒரு தடவை புரட்டினார். “சரி. செய்து பார்ப்போம். ஒரு தவறு நடந்தாலும் நிறுத்திவிடுவேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை.

பாடம் தொடங்கியது. பெரிய டொக்டர் கேட்ட கேள்விக்கு, பிள்ளை எங்கே உட்கார்ந்து பேசும் என்பதற்கு, எங்களிடம் நல்ல பதில் இருந்தது. மேல் வீட்டுக்காரரின் த்ரீவீலர்! பின்னேரம் அது எங்கள் முற்றத்தில் சும்மா நிற்கும். மழைச்சீலையை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டால் தனி அறை. தாரணி போனையும் ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டு பின் ஆசனத்தில் ஏறிக்கொள்வாள். அந்த நேரத்துக்கு ஹயருக்கு யாராவது கூப்பிட்டால் மேல் வீட்டுக்காரர், “பிள்ளைக்கு கிளினிக் நடக்குது,” என்று சொல்லி அனுப்பிவிடுவார். இந்த மாதிரி உதவிக்கு எப்படி நன்றி சொல்வது?

உள்ளே என்ன நடக்கிறது என்று அவளாகச் சொன்னது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். வயிறு பலூன் மாதிரி உப்பும்படி மெதுவாக மூச்சு விடுவது. வலிக்கு ஒரு உருவம் வரைந்து அதோடு பேசுவது. வலி போன பிறகு பள்ளிக்கூடம் என்றில்லாமல், வலியைக் கூட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போவது. முதலில் ஒரு பாடவேளை, பிறகு இரண்டு, பிறகு அரை நாள். வாரத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து மீரா என்ற ஆலோசகர் திரையில் வந்து பேசுவார். ஈழத்துப் பெற்றோருக்குச் சென்னையில் பிறந்து, அங்கேயே படித்து, இப்போது இங்கே வேலைக்கு வந்திருப்பவர். குரல் அவ்வளவு இதம்.

பெற்றோருக்கும் பாடம் உண்டு. அதில் எனக்கு விழுந்த கட்டளை: பிள்ளையிடம் “வலிக்குதா?” என்று கேட்கவே கூடாது! கேட்கக் கேட்க மூளை மணியையே கவனித்துக்கொண்டிருக்குமாம். என்னைப் பார்த்து இப்படி ஒரு சட்டமா? காலையில் எழுந்ததிலிருந்து அந்தக் கேள்வியைத்தான் நான் மூச்சு மாதிரி விட்டுக்கொண்டிருந்தேன். கேள்வி தொண்டைவரை வந்துவிடும், அதை விழுங்கிவிட்டு, “என்ன குடிக்கிற?” என்று கேட்பேன். என் கணவருக்குச் சிரிப்பு. “இப்பிடியே போனால் பிள்ளைக்கு வலி போகுதோ இல்லையோ, தண்ணித்தாகம் வராது,” என்பார்.

ஆனால் வேலை செய்தது! மெள்ள மெள்ளத்தான், ஆனாலும் செய்தது. வலி நிற்கவில்லை; ஆனால் பிள்ளை நிற்காமல் போய்க்கொண்டிருந்தாள். அரை நாள் முழு நாளானது. ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலேயே கத்தினாள்: “அம்மா, மேளத்த திருப்பித் தாறாங்க! போட்டிக்கு நான்தான் போறேன்!” இரண்டு பேரும் முற்றத்தில் குதித்தோம். த்ரீவீலரும் குலுங்கியிருக்கும்.

அந்த வாரமே கொழும்பிலிருந்து மீராவின் அழைப்பு வந்தது. நான் கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, பதட்டப்படாதீங்க,” என்று அவர் தொடங்கியதுமே நான் பதறிவிட்டேன். மனநிலையைப் பற்றி மாதம் ஒரு தடவை வரும் கேள்விகளுக்குத் தாரணி கொடுத்த பதில்களைக் கணக்கிட்டு, திட்டம் சிவப்பு எச்சரிக்கை காட்டியிருக்கிறதாம். “ஒவ்வொரு நாளும் வருத்தமா இருக்குன்னு எழுதியிருக்கா. யார்கிட்டயும் சொல்றதில்லன்னும் எழுதியிருக்கா. இப்படி வந்தா பாடத்த நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரியில காட்டணும்ங்கிறது எங்க விதி.”

எங்கள் பக்கம் உடம்புக்கு முடியாவிட்டால் சுகமில்லை என்போம். வருத்தம் என்றால் மனசு உடைந்து கிடப்பது. என் பிள்ளை ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் உடைந்துகொண்டு, வெளியே மேளம் அடிக்கிறாளா? முற்றத்தில் குதித்தது எனக்காக நடித்ததா? கண்ணாடி மாட்டியிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் விலை கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். தாரணி யன்னல் ஓரத்தில் இருந்தாள். என் கணவர் குழம்பிப்போயிருந்தார்.

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை,” என்றார் மெதுவாக. “பிள்ளைக்கு வருத்தம் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே. வருத்தம் எண்டபடியால்தானே இவ்வளவும். அதுக்கு ஏன் இப்ப ஓடிவரச் சொல்லுகினம்?”

“உங்களுக்கு மனசா, கல்லா?” என்று பஸ்ஸுக்குள்ளேயே பொரிந்தேன். “புள்ள தினமும் வருத்தப்படுதுன்னு சொல்றாங்க, தெரியும்தானேன்னு சொல்றீங்க!”

முன் ஆசனத்துக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கிளினிக் அறையில் பெரிய டொக்டரும் நஸ்ரினா டொக்டரும் இருந்தார்கள். மேசை மேல் ஒரு கணினி, அதில் மீரா. பெரிய டொக்டரின் முகம் இறுகியிருந்தது. “நான் சொன்னேன்தானே?” என்றார் சிங்களத்தில். “இத்தனை வாரம் பிள்ளை இப்படி இருந்திருக்கிறாள், திரையில் யாருக்கும் தெரியவில்லை. இன்றோடு இதை நிறுத்துவோம்.” நஸ்ரினா டொக்டர் வழக்கமான வேகம் இல்லாமல் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். தாரணி என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அப்ப மேளம்?” என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நிறுத்துறதுக்கு முதல் பதில்கள ஒருக்கா வாசிங்க, மிஸ்,” என்றார் நஸ்ரினா டொக்டர். “எனக்கு மொத்தப் புள்ளி மட்டும்தான் வந்திச்சு.”

மீரா வாசித்தார்.

“‘சென்ற வாரம் எத்தனை நாட்கள் வருத்தமாக இருந்தாய்?’ ‘எல்லா நாளும்.’”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“‘வருத்தம் வந்தால் யாரிடம் சொல்வாய்?’ ‘முந்தி அம்மாவிடம். இப்போது சொல்வதில்லை. அம்மா கேட்கக்கூடாது என்று பாடத்தில் இருக்கிறது.’”

கண்ணைத் திறந்தேன்.

“‘வருத்தம் எதனால் வருகிறது என்று நினைக்கிறாய்?’” மீரா தயங்கினார். “இந்தப் பதில்தான் எனக்குப் புரியல, டொக்டர். ‘முதலில் பூச்சி என்று சொன்னார்கள். பிறகு காஸ்ட்ரிக் என்று சொன்னார்கள்.’”

நான் சிரித்துவிட்டேன். மெல்லிய சிரிப்பு இல்லை, சத்தமான சிரிப்பு. வாயைப் பொத்தினேன், மூக்கால் வந்தது. எனக்குத்தான் சிவப்பு எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று பெரிய டொக்டர் நினைத்திருப்பார். கண்ணில் நீர் வழிய வழிய என் கணவரின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“ஏங்க, வருத்தம்னா உங்க ஊர்ல என்னாங்க?”

“வருத்தம் எண்டா வருத்தம்தான்,” என்றார் அவர் பாவமாக. “காய்ச்சல், தடிமன், வயித்துக்குத்து… பிள்ளை சரியாத்தானே எழுதியிருக்கிறாள்?”

நஸ்ரினா டொக்டர் கதிரையை விட்டு எழுந்தேவிட்டார். “யா அல்லாஹ்! சேர், அசனீப, துக! அசனீபத்துக்கும் துகவுக்கும் இவங்கட்ட ஒரே சொல்!” சிங்களத்தில் அசனீப என்றால் நோய், துக என்றால் துக்கம். திரையில் மீரா நெற்றியில் கை வைத்தார். கேள்விகளைத் தமிழாக்கியவரும் சென்னைக்காரராம். “நான் வளர்ந்த ஊர்ல வருத்தம்னா துக்கம் மட்டும்தான்… வீட்டுல அப்பா அம்மா சொல்ற அர்த்தம் ஞாபகத்துக்கே வரல.” தாரணிக்குக் கேள்வியைப் படித்ததுமே வார்ட் நினைவு வந்ததாம். காலை காலையாக ஒரு டொக்டர் கட்டிலடியில் வந்து கேட்டது அந்தச் சொல்லைத்தானே? நோயைப் பற்றிக் கேட்டார்கள், அப்பாவின் தமிழில் நோயைப் பற்றியே பதில் எழுதினாள்.

பெரிய டொக்டருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் அந்த இறுகிய முகம் உடைந்து சிரித்தது. “அப்ப நான் இத்தன வருஷமா கட்டில் கட்டிலா போய், என்ன துக்கம், என்ன துக்கம் என்டா கேட்டேன்? சில அம்மா வீட்டுப் பிரச்சின எல்லாம் சொல்லுவாங்க. ஏன் சொல்லுறாங்க என்டு யோசிப்பேன்!”

அறையே சிரித்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரித்து முடித்து, விரலை உயர்த்தினார். நேரில் வந்ததால்தான் இந்தத் தவறு தெரிந்தது, ஆகவே தான் சொன்னதே சரி என்றார். நஸ்ரினா டொக்டரும் விடவில்லை. “தவறா இருந்தாலும் கேள்வி ஒன்டு கேட்டாங்க, சேர். நாங்க இவட்ட மனசப் பத்திக் கேட்டதே இல்ல.”

பெரிய டொக்டர் கதிரையை இழுத்துத் தாரணிக்கு முன்னால் போட்டு, அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். வழக்கம் போல உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். ஆனால் வயிற்றைத் தொடவில்லை.

“மகள், மனசில துக்கம் இருக்கா?”

தாரணி என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். “இப்ப இல்ல. முந்தி இருந்தது.”

“எப்ப?”

“நீங்க நோர்மல் எண்டு சொன்ன அண்டைக்கு.”

அறையில் சிரிப்பு நின்றுபோனது.

“ஒண்டும் இல்லை எண்டு சொன்னீங்கள். எல்லாரும் சந்தோசப்பட்டினம். எனக்கு அப்பவும் நொந்தது. அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுதானே அர்த்தம்? மேளம் தூக்க ஏலாமல் நடிக்கிறன் எண்டு வகுப்பில சொன்னவை. அது சரிதானோ எண்டு நானே யோசிச்சனான்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஒன்லைன்ல முதலாம் பாடத்தில முதல் வசனமே, ‘உன் வலி உண்மையானது’ எண்டு இருந்தது. அதை நிறையத் தரம் வாசிச்சன்.”

நான் நேர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அந்தக் காலை கண்ணுக்கு முன்னால் வந்தது. அழ வேண்டும் போலிருந்தது, அழுதேன். என் கணவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய டொக்டர் அவளையே பார்த்துக் கேட்டார். “அந்த வசனம், திருப்பிச் சொல்லு மகள்.”

“உன் வலி உண்மையானது.”

“உன் வலி… உண்மையானது,” என்று மாணவன் மாதிரிச் சொல்லிப் பார்த்தார். “இத நான் சொல்லியிருக்கணும்.”

பாடத்தை நிறுத்தவில்லை. ஆனால் தன் நிபந்தனையையும் விடவில்லை: மாதத்துக்கு ஒரு தடவை நேரில் வர வேண்டும், வயிற்றில் தான் கை வைத்துப் பார்க்க வேண்டும், எடை குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும். திரையை நம்பி ஆஸ்பத்திரியை மறக்கக்கூடாது, ஆஸ்பத்திரியை நம்பித் திரையை ஒதுக்கவும் கூடாது என்று நஸ்ரினா டொக்டர் சொன்னதற்கு அவர் தலையை ஆட்டினார், முழு மனசோடு ஆட்டினார் என்று சொல்ல மாட்டேன். மீரா வருத்தம் என்ற சொல் வருகிற கேள்விகளை எல்லாம் மாற்றச் சொல்லி அன்றைக்கே எழுதினார். இப்போது அதில் கவலை என்று இருக்கிறது. பிறகொரு தடவை வார்ட் பக்கம் போனபோது, பெரிய டொக்டர் ஒரு சின்னப் பையனின் கட்டிலடியில் நின்று, “உன் வலி உண்மையானது,” என்று சொல்வது கேட்டது. பையன் திருதிருவென்று விழித்தான். எனக்கு ஓடிப்போய் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இல்ல விளையாட்டுப் போட்டி நாளைச் சொல்லி முடிக்கிறேன். வெயில் கொளுத்தியது. மைதானத்து ஓரத்தில் நாங்கள் இருவரும், பக்கத்தில் மேல் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் த்ரீவீலர். பாண்ட் குழு வாசலால் திரும்பி வந்தது. முன் வரிசையில், வெள்ளைக் கையுறை போட்டு, வயிற்றின் மேல் அந்தப் பெரிய மேளத்தைச் சாய்த்துக்கொண்டு எங்கள் பிள்ளை! டம், டம், டம் என்று என் நெஞ்சுக்குள்ளேயே அடித்தாள். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போனது.

மேடைக்கு முன்னால் வரும்போது ஒரு அடி விழவில்லை. ஒரே ஒரு அடிதான், மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம் அது. எழுந்துவிட்டேன். என் கணவர் என் கையைப் பிடித்து, “இரும், இரும்,” என்றார். தாரணியின் வயிறு மேளத்தோடு சேர்ந்து மெதுவாக உப்பியது, மெதுவாக இறங்கியது. அடுத்த டம் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. மைதானத்தை முழுதாகச் சுற்றி முடித்தாள்.

எல்லாம் முடிந்து, மேளத்தை இறக்கி வைத்துவிட்டு, வியர்வை வழிய எங்களிடம் ஓடி வந்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது. அவளே சொன்னாள், பாதியை அப்பாவின் தமிழில், பாதியை என் தமிழில்.

“அம்மா, நடுவில வருத்தம் வந்தது. ஆனா வருத்தமா இல்ல.”

கையிலிருந்த போத்தலை நீட்டினேன்.

“என்ன குடிக்கிற?” என்றேன்.